வயிற்றுப் பிள்ளைக்கும் ஓர் ஓட்டு

கிராணி வீடு,
புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம்.
ஆனி மாதம் ஒன்பதாம் தேதி, 1944. (ஜப்பானியர் கணக்கில் இது 2604, சயாமியர் கணக்கில் 2487. இரண்டு பேரும் என்னைக் கேட்காமல் மாற்றியதால் நான் பழைய கணக்கிலேயே எழுதுகிறேன்.)

சிரஞ்சீவி தம்பி அழகேசனுக்கு, மூத்தவள் சீதாலட்சுமி மனமார வாழ்த்தி எழுதுவது. உன் வீட்டில் எல்லாரும் உடம்பில் தெம்போடும் மனத்தில் தைரியத்தோடும் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். வள்ளியம்மையின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாளா? கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதமும் பதினொரு கருவாடும் சைக்கிள் நடராஜா கையில் வந்து சேர்ந்தன. டயருக்குப் பதில் கயிற்றைச் சுற்றி, கோலா கெடாவிலிருந்து மூன்று நாள் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். கருவாடு நன்றாக இருந்தது. கடிதம் நன்றாக இல்லை. முதலாவது, அதில் தேதி இல்லை. இரண்டாவது, அதில் நீ எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். "அக்கா, கூலிச் சனங்களைக் கூட்டிவைத்து ஓட்டு, பஞ்சாயத்து என்று விளையாடிக்கொண்டிருப்பதாக நடராஜா சொன்னான். பசித்தவன் கையில் ஓட்டைக் கொடுத்தால் இன்றைய கஞ்சிக்கு நாளைய சோற்றை விற்றுவிடுவான். ஆள ஒருவர் போதும், அவர் கையில் பிரம்பு இருக்க வேண்டும். மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். உன் கடையில் எலிகூட உன் பேச்சைக் கேட்பதில்லை என்று வள்ளியம்மை சொல்லியிருக்கிறாள். அதை இங்கே நான் எடுத்துக்காட்டப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே வெட்கப்பட்டுக்கொள்.

துரை தோட்டத்தை விட்டுப் போய் இரண்டரை வருடம் ஆகிறது. போகும்போது நாயைக் காரில் ஏற்றிக்கொண்டார்; இருநூறு பேரை ஏற்ற அதில் இடமில்லை. துரையின் கொடி இறங்கி ஜப்பான் கொடி வந்தது, சென்ற வருடம் சயாம் கொடி வந்தது. ஆக இந்தக் கண்ணால் மூன்று கொடி பார்த்துவிட்டேன், மூன்றுக்கும் எங்களை வரிசையில் நிறுத்திக் கைதட்டச் சொன்னார்கள், ஒன்றாவது எங்களைக் கேட்டுக்கொண்டு ஏறவில்லை. நடுவில் சயாம் ரயில் பாதைக்கு என்று லாரி லாரியாக ஆண்களைக் கொண்டுபோனார்கள். சிலர் காட்டோரம் ஓடிப்போனார்கள், சிலர் பட்டணம் போனார்கள். எஞ்சியது வயது வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர், அதில் முக்கால்வாசி பெண்கள். பிள்ளைகள் பதினேழு. எல்லாருக்கும் ஒரே அடுப்பு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் அந்த அடுப்பை மூட்டினோம். பெரியவர்களுக்கு ஓர் அகப்பை, பிள்ளைகளுக்கு அரை அகப்பை, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்றரை அகப்பை என்று சட்டம் போட்டவள் நான். பால்மரங்களுக்குப் பின்னால் அட்டை ஊறிக் கிடந்த சதுப்பில் இரண்டு ஏக்கர் திருத்தி நெல் போட்டதும் நான்தான். பெண்டாங் வயல்பக்கம் ஒரு மலாய்க்காரர் வீட்டில் என் தையல் இயந்திரத்தைக் கொடுத்து விதை வாங்கி வந்தேன். 'போட்டேன்' என்று எழுதிவிட்டேன், திருத்திக்கொள்: சேற்றில் இறங்கியவர்கள் அவர்கள், வரப்பில் நின்று வரிசை கோணலாக இருக்கிறது என்று சொன்னவள் நான். தையில் அறுத்தோம். அடுத்த தடவை எட்டு ஏக்கர் என்று முடிவு செய்து ஆறு மூட்டை விதைநெல் எடுத்து வைத்தோம். அந்த ஆறு மூட்டையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

கங்காணி குழந்தைவேலுவை உனக்குத் தெரியும், இங்கே கிராணியாகக் கணக்கு எழுதிய உன் அத்தானின் சாவுக்கு நீ வந்தபோது உன்னோடு வெற்றிலை போட்டவர். இருபது வருடம் பிரம்பும் விசிலுமாக ஆட்களை மேய்த்தவர். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் வந்து நின்றார்.

"பஞ்சாயத்துன்னா தல ஒன்னு வேணும் லா, கிராணியம்மா. நான் இருக்கேன். வேற யாரு இருக்கா?"

"கேட்டுப் பார்ப்போம்."

"யாரக் கேக்குறது?"

"எல்லாரையும்."

"எல்லாரையுமா? எல்லாரையும் கேக்குறதுன்னா அப்புறம் தல எதுக்குங்க?"

இந்தக் கேள்விக்கு அரசியல் நூல்களில் ஐந்நூறு பக்கம் பதில் இருக்கிறது, தம்பி. நான் ஒரே வரியில் சொன்னேன், "கேட்பதற்கு" என்று. அவருக்குப் புரியவில்லை, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கான்வென்ட்டில் வகுப்புத் தலைவியை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்போம், மூன்று வருடம் தொடர்ந்து நான்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். அதே முறையை இங்கே நடத்துவது என்று முடிவு செய்தேன். வேட்பாளர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். கங்காணி எழுந்தார், நான் நின்றேன். கூலிவீட்டு லயத்திலேயே மூத்தவரான அம்மாசி, பெரியவர்கள் இரண்டு பேர் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று எழுந்தார். அவரையும் எழுதிக்கொண்டேன்.

ஆட்களின் பேர் எழுதிய பழைய செக்ரோல் புத்தகத்தை வைத்து, விடிகாலைப் பிரட்டில் ஆள் எண்ணக் கூப்பிடுவதுபோல் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். பேர் வந்தவர் 'இருக்கேன்' சொல்லி, யாருக்கு ஓட்டு என்றும் சொல்ல வேண்டும். சுலபமாகத்தான் இருந்தது. முடித்துக் கூட்டினால், முப்பத்தொன்பது பேர் இருக்கும் களத்தில் ஐம்பத்தேழு ஓட்டு விழுந்திருக்கிறது! மறுபடி கூப்பிட்டபோதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அம்மாசி ஒருவரே ஆறு குரலில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், மற்றவர்களும் தங்கள் பங்குக்கு. சயாமில் இருக்கும் மகனுக்கு 'இருக்கேன்', சுங்கைப் பட்டாணிக்கு ஓடிப்போன மருமகனுக்கு 'இருக்கேன்', காய்ச்சலில் போன மனைவிக்கு, மெல்லிய குரலில், 'இருக்கேனுங்க'.

"அம்மாசி, அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது!"

"தெரியும்ங்கம்மா. நான்தான கொள்ளி வச்சேன். ஆனா பொஸ்தகத்துல பேரு இருக்கே? பேரக் கூப்புட்டு யாரும் பதில் சொல்லலன்னா அன்னிக்குச் சம்பளம் போயிரும் லா."

"இப்போது சம்பளமே இல்லையே?"

"அதனாலதான் ஜாக்கிரதையா இருக்கணும்ங்கிறேன்."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இந்தச் சனங்கள் வாழ்நாள் முழுவதும் செய்தது அதுதான்: ஒருவர் எழுந்திருக்க முடியாத நாளில் இன்னொருவர் 'இருக்கேன்' சொல்லி அவர் பேரைக் காப்பாற்றுவது. அந்தப் பழக்கத்தின்மேல் போய் என் தேர்தலைக் கட்டியது என் பிழை. பிழை என்று நான் ஒப்புக்கொள்வது வருடத்துக்கு ஒரு தடவை. தேதி போட்டு வைத்துக்கொள்.

ஆகவே இரண்டாவது வாக்கெடுப்பு, இரகசியமாக. மரப்பால் பிடிக்கும் மங்கு மூன்று, சாக்குத் திரைக்குப் பின்னால். ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. தோட்டம் முழுக்கக் கொட்டை உதிர்ந்து கிடக்கிறதே, கள்ள ஓட்டு விழுமே என்று யோசித்து, முப்பத்தொன்பது கொட்டையிலும் மஞ்சள் பூசிக் காயவைத்து நானே கையில் கொடுத்தேன். எல்லாரும் ஒழுங்காகப் போய் வந்தார்கள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. யோசிக்கிறார்கள் போலும் என்று பெருமைப்பட்டேன். மங்கைக் கவிழ்த்தால் ஒரு கொட்டையாவது முழுசாக இல்லை. பாதி, கால், மூன்றில் ஒன்று. உடைத்து உடைத்துப் போட்டிருக்கிறார்கள்!

"யார் செய்தது இது?" என்றேன்.

"எல்லாருந்தான்" என்றாள் ராக்காயி. பால் வெட்டுவதில் இந்தத் தோட்டத்தில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை, வாயை மிஞ்சவும் ஆளில்லை; புருஷனை ரயில் பாதைக்குக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகிறது, இன்னும் ஒரு சேதி இல்லை. "ஒருத்தருக்கு முழுசாப் போட்டா மத்த ரெண்டு பேரு மனசு நோவும் லா. கங்காணியாரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. அம்மாசி மாமா அழுதுரும். நீங்க இங்கிலீஸ்ல திட்டுவீங்க. அதான் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வச்சுட்டோம். நியாயம்தான?"

கான்வென்ட்டில் பின்னக் கணக்கில் எனக்கு எப்போதும் முதல் மதிப்பெண். உட்கார்ந்து துண்டு துண்டாகக் கூட்டினேன். எனக்குப் பதிமூன்றே ஐந்தில் ஆறு அல்ல, ஆறில் ஐந்து, கங்காணிக்குப் பதிமூன்றரை, அம்மாசிக்குப் பதினொன்றே மூன்றில் இரண்டு. மூன்றில் ஒரு பங்கு கொட்டையால் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் நொறுங்கிய கொட்டையின்மேல் உட்கார்ந்து ஆட்சி நடத்துபவள் நான் இல்லை. மறுநாள் மூன்றாவது வாக்கெடுப்பு. உடைந்த கொட்டை செல்லாது, மனசு நோகிறவர்கள் நொந்துகொள்ளலாம் என்று அறிவித்தேன். முழுக் கொட்டையாகவே எனக்கு இருபது, கங்காணிக்குப் பதினான்கு, அம்மாசிக்கு ஐந்து. அம்மாசி அழவில்லை, அந்த ஐந்து பேர் யார் யார் என்று இன்றுவரை ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டு திரிகிறார், இதுவரை பதினெட்டுப் பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பதவி ஏற்றதும் இரண்டு சட்டம் எழுதினேன். ஒன்று, தலைமை ஓர் அறுவடைவரைதான்; அறுவடைக்கு அறுவடை மறுபடி ஓட்டு. இரண்டு, விதைநெல் அறையின் சாவி ஜெயித்தவரிடம் இருக்கக் கூடாது, தோற்றவரிடம்தான் இருக்க வேண்டும். ஜெயித்தவள் கையில் சாவியும் இருந்தால் அப்புறம் அவளை யார் கேட்பது? கங்காணி அந்தச் சாவியை வாங்கும்போது, என்னைக் கொஞ்சம் கிறுக்கி என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

சித்திரையில்தான் சோதனை வந்தது. சம்பா அரிசி என்ன, நொய்கூட இல்லை. மரவள்ளி, மறுபடி மரவள்ளி, இவர்கள் உபி என்பார்கள், வேறு எதுவும் இல்லை. கால் வீங்கத் தொடங்கியது. மாசியில் இரண்டு குழந்தைகளைப் புதைத்திருந்தோம். ஒருநாள் பிரட்டுக் களத்தில் கங்காணி எழுந்து, சட்டப்படி, கையைத் தூக்கி அனுமதி வாங்கிக்கொண்டு, தீர்மானம் கொண்டுவந்தார்: ஆறு மூட்டையையும் குத்திப் பொங்கிச் சாப்பிட்டுவிடுவது. ஓட்டுக்கு விட வேண்டும் என்றார். சாவி அவரிடமே இருந்தது, பார்த்துக்கொள்; அவர் நினைத்திருந்தால் யாரையும் கேட்காமல் திறந்திருக்கலாம். கேட்டார். அந்த இடத்திலேயே நான் பாதி ஜெயித்துவிட்டேன், ஆனால் அப்போது எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், தலைகளை எண்ணிப் பார்த்ததில் இருபத்தைந்து பேராவது சாப்பிடும் பக்கம் என்பது. நெல் போனால் எட்டு ஏக்கர் போயிற்று, வரும் தை போயிற்று, அதற்கு அடுத்த தையும் போயிற்று.

விவாதத்துக்கு ஒரு நாள் குறித்தோம். கிரேக்க தேசத்தில் தொடங்கி நான் பேசுவதாக ஏற்பாடு. நான் வாயைத் திறந்த அதே நேரம், காற்று வரும் பக்கமாக அடுப்பை மூட்டி, கங்காணி இரண்டு கைப்பிடி வெள்ளை அரிசியை உலையில் போட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "மருந்துக்கு வச்சிருந்தது" என்றார். தம்பி, நான் நன்றாகப் பேசுகிறவள், அதை என் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வேகும் அரிசியின் மணத்துக்கு மேல் பேச உலகத்தில் ஆள் பிறக்கவில்லை. ஏதென்ஸ் நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் முப்பத்தெட்டு மூக்கும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. முப்பத்தொன்பதாவது மூக்கு என்னுடையது, அதைக் கட்டுப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் ராக்காயி எழுந்தாள்.

"கங்காணியாரே, நல்லா மணக்குது லா. ஆறு மூட்டையும் பொங்குனா எத்தன நாளு வரும்?"

"வயிறு நெறையவா?"

"நெறையத்தான். பட்டினி கெடக்குறதுக்கு எதுக்கு ஓட்டு?"

அவர் விரலை மடக்கினார். "பன்னண்டு நாளு."

"சரி. பதிமூணாம் நாளு?"

"பதிமூணாம் நாளு உபிதான்."

"இன்னிக்கு என்ன திங்குறோம்?"

"உபி."

"அப்ப பன்னண்டு நாளு கழிச்சு இதே எடத்துல இதே உபியத் தின்னுகிட்டு நிப்போம். நெல்லு மட்டும் இருக்காது. அதான நீங்க சொல்றது?"

சிரிப்பு எழுந்தது. கங்காணி சிரிக்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பன்னண்டு நாளு புள்ளைங்க வயிறு நெறையும் புள்ள! ஒம்புள்ள வயிறு நெறஞ்சு நீ கடைசியா எப்பப் பாத்த? மாசியில ரெண்டு போச்சு. அடுத்த தையில அறுப்ப, சரி. அதுக்குள்ள இன்னும் எத்தன போவும்னு சொல்லு, நான் ஒக்காந்துர்றேன்."

உனக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும்: அந்த மனிதர் சொன்னதில் பொய் இல்லை. அரிசி வாசனை சூழ்ச்சிதான், ஆனால் கேள்வி சூழ்ச்சி இல்லை. கிரேக்கர்கள் யாரும் என் உதவிக்கு வரவில்லை.

"தெரியாது" என்றாள் ராக்காயி, மெதுவாக. "எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. பட்டினியும் அதுங்களுக்குத்தான், நெல்லும் அதுங்களுக்குத்தான். நாம மட்டும் ஓட்டுப் போட்டா எப்புடி? அதுங்களயும் கேக்கணும்."

உடனே நான் எழுந்தேன். தலைமை என்ற முறையில் சட்டத்தைக் காப்பாற்றுவது என் கடமை. ஓட்டுப் போட வயது வேண்டும், விவரம் வேண்டும் என்றேன். அவள் விடவில்லை, பிள்ளைத்தாய்ச்சிகள் நான்கு பேரையும் கைபிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இதுங்க வயித்துல இருக்கிறதுக்கும் சேத்துத்தான் கேக்குறேன். தையில வாயத் தெறந்துகிட்டு நிக்கப்போவது அதுங்கதான?" குறைந்தபட்சம் பிறந்தாவது இருக்க வேண்டும் என்றேன் நான்.

"அப்புடியா? காளியம்மாவுக்கு எத்தன அகப்ப ஊத்துறீங்க?"

"ஒன்றரை."

"அவளுக்கு ஒன்னு. மிச்சம் அரை யாருக்கு?"

"பிள்ளைக்கு."

"கஞ்சியில ஆளா எண்ணுறீங்க. ஓட்டுல மட்டும் ஆளு இல்லயா? எந்த ஊரு சட்டம் இது, கிராணியம்மா?"

தம்பி, என் அறுபத்து மூன்று வயதில் என் சொந்தச் சட்டத்தை வைத்தே என்னை மடக்கியவள் அவள் ஒருத்திதான். கான்வென்ட் மதர்கூட மூன்று தடவை முயன்று விட்டுவிட்டார். கஞ்சி வாங்கும் வாய்க்கெல்லாம் ஓட்டு, சின்னவர்களுக்கும் வயிற்றில் இருப்பவர்களுக்கும் தாய் போடுவது, தாய் இல்லாவிட்டால் வளர்ப்பவர் போடுவது என்று திருத்தம் எழுதினேன். முதலில் கை தூக்கியவர் கங்காணி! பசித்த பிள்ளைகளின் ஓட்டு தன் பக்கம்தான் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை. எனக்கும் அதே பயம். பெரியவர்கள் முப்பத்தொன்பது, பிள்ளைகள் பதினேழு, பிறக்காதவர்கள் நான்கு. அறுபது ஓட்டு. உலகத்தில் எந்தப் பாராளுமன்றத்திலும் இப்படி ஒரு பட்டியல் இருந்ததாக நான் படித்ததில்லை, நான் படிக்காதது குறைவு.

இரண்டு மங்கு வைத்தோம். ஒன்றில் கொஞ்சம் சேறு, ஒன்றில் கொஞ்சம் சாம்பல். சேறு என்றால் விதைப்பு, சாம்பல் என்றால் அடுப்பு. ஒவ்வொருவராகத் திரைக்குள் போனார்கள். மூன்று பிள்ளைக்காரி கையில் நான்கு கொட்டையோடு போனாள், வெளியே வர மறந்ததுபோல் உள்ளேயே நின்றாள். ராக்காயி இரண்டு கொட்டையோடு போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் எதில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. காளியம்மா மட்டும் எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, களமே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"என் ஓட்டு பொங்கித் திம்போம்னு. புள்ள ஓட்டு வேணாம், வெதைக்கணும்னு. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரல."

"காளியம்மா! இது இரகசிய வாக்கெடுப்பு!"

"எனக்குள்ள எனக்கு என்னங்கம்மா ரகசியம்? எனக்குப் பசிக்குது, போட்டேன். அதுக்குப் பசிக்கப் போவுது, அதுக்கும் போட்டேன்."

செல்லாது என்று அறிவிக்க வாயைத் திறந்தேன். அறிவிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் எங்கும் சொன்னதில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றிவிட்டது. என் கிரேக்கர்களும் சொன்னதில்லை.

கங்காணி இரண்டு தடவை எண்ணினார், நான் மூன்று தடவை எண்ணினேன். சாம்பல் இருபத்தொன்பது. சேறு முப்பத்தொன்று.

இரண்டு ஓட்டு, அழகேசா! இரண்டே இரண்டு! பசித்தவன் நாளையை விற்றுவிடுவான் என்று எழுதினாயே, விற்கவில்லை. ஏன் தெரியுமா? அவனுக்குப் பிரம்பைக் காட்டி அல்ல. நாளைக்குச் சாப்பிட வேண்டியவர்களையும் அதே களத்தில் நிறுத்தி, அவர்களுக்கும் ஒரு கொட்டை கொடுத்துக் கேட்டதால். பிரம்பு வைத்திருந்தவர்கள் மூன்று கொடி மாற்றினார்களே, அவர்களில் யாராவது அடுத்த தைக்கு ஒரு நெல்மணி எடுத்து வைத்தார்களா? கால் வீங்கின இந்த அறுபது பேர் எடுத்து வைத்தார்கள். நான் அழவில்லை. கண்ணில் சாம்பல் பட்டது.

தோற்ற கங்காணி மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார், ராக்காயி சொன்னது சரி. நான்காம் நாள் அவர் கட்சிக்காரன் ஒருவன் ஒரே ஒரு படி எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் குழைந்துகொண்டு வந்தான். "சாவி ஒங்ககிட்டதான இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது அண்ணே?" கங்காணி போட்ட சத்தம் என் வீட்டு அடுப்படிவரை கேட்டது. "ஓட்டுல தோத்தது நான்! நானே சும்மா இருக்கேன், ஒனக்கு என்னடா? போ லா!" அன்றுமுதல் அந்த நெல்லை அவரைப்போல் காப்பவர் யாரும் இல்லை. எலிப்பொறி ஐந்து வைத்திருக்கிறார். காட்டுக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று அவர் அறிவார். தினமும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டி வருகிறார். சித்திரையிலிருந்து இன்றுவரை இந்த லயத்தில் ஒரு குழந்தையைக்கூட நாங்கள் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. எட்டு ஏக்கருக்கும் வரப்பு போட்டாயிற்று. மழை தொடங்கிவிட்டது. ஆடி பிறந்ததும் நாற்றங்கால்.

ஆகவே நான் கோலா கெடாவுக்கு வரவில்லை. ஆட்சியை நடுவில் விட்டுவிட்டு உன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கருவாட்டுக்குக் காக்கை ஓட்ட முடியாது. உங்கள் மீன் பாசாரிலும் இப்படி ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்க விருப்பம் இருந்தால் சொல், சட்டங்களைப் படி எடுத்து அனுப்புகிறேன். ரப்பர் கொட்டை மட்டும் வேண்டாம், உடைகிறது.

உன் வீட்டுப் பிள்ளைகள் படிப்பும் பண்புமாக வளரட்டும், உன் கடையில் அடுப்பெரிய விறகும் அளக்க அரிசியும் குறையாதிருக்கட்டும், உனக்குத் தேதி போடும் பழக்கம் வரட்டும் என்று வாழ்த்தி முடிக்கும்,

உன் அக்காள்,
சீதாலட்சுமி,
பஞ்சாயத்துத் தலைவி (அறுவடைவரை).

பின்குறிப்பு: மேலே எழுதிய எதுவும் உனக்கு இப்போது வராது. கடிதத்தை மடித்து நடராஜாவிடம் கொடுக்கப் போன இடத்தில் ராக்காயி பார்த்துவிட்டாள்.

"தடியா இருக்கே, என்னங்கம்மா எழுதுனீங்க?"

"நம் வெற்றியை."

"நெல்லு இருக்குங்கிறதயும் சேத்தா?"

"நெல் இல்லாமல் என்ன வெற்றி?"

"வழியில எவனாச்சும் பிரிச்சுப் படிச்சா?"

"அடுத்தவர் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள்" என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "புருசன் பொண்டாட்டியப் பிரிச்சு ரயில்ல ஏத்துறவனுங்க, கடுதாசியப் பிரிக்க மாட்டானுங்களா?"

நடராஜாவை ஆற்றுக்குக் குளிக்க அனுப்பிவிட்டு, களத்தில் எல்லாரையும் கூட்டிவிட்டாள். நெல் எல்லாருக்கும் சொந்தம், அதைப் பற்றிய பேச்சும் எல்லாருக்கும் சொந்தம், தலைவியாக இருந்தாலும் தனியாக வெளியே சொல்ல உரிமை இல்லை என்று தீர்மானம். முழுக் கடிதத்தையும் நானே உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. பின்னக் கணக்கு வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காணி இரண்டு திருத்தம் கேட்டார்: எலிப்பொறி ஐந்து அல்ல, ஏழு, அரிசி உண்மையிலேயே மருந்துக்குத்தான் வைத்திருந்தது. பிறகு வாக்கெடுப்பு. அனுப்பக் கூடாது, ஐம்பத்தொன்பது. அனுப்பலாம், ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்பது இரகசியம். ஆனால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தம்பி, இவ்வளவு ஒழுங்காக, ஒரு கொட்டைகூட உடையாமல், என்னை யாரும் தோற்கடித்ததில்லை. சபையை நானே கைதட்டி முடித்து வைத்தேன்.

இப்போது நடராஜா கையில் உனக்கு வருவது சபை ஒப்புக்கொண்ட வேறு கடிதம். அதன் முழு வாசகம்: "நலம். வரவில்லை." அந்த முதல் சொல்லுக்கே அரை மணி நேரம் விவாதம். நலம் என்றால் இங்கே சாப்பாடு இருக்கிறது என்று எவனாவது தேடி வருவான் என்றார் அம்மாசி. நலமில்லை என்று எழுதினால் தம்பி அழகேசன் பதறி ஓடி வருவார், அவருக்கும் ஓர் அகப்பை ஊற்ற வேண்டும் என்றாள் காளியம்மா. நான்கு ஓட்டு வித்தியாசத்தில் நலமாக இருக்கிறேன்.

இந்த நீண்ட கடிதம் விதை மூட்டைகளுக்கு நடுவில் பூட்டி இருக்கும். கடைசி நெல்மணி சேற்றில் விழுந்த பிறகு அனுப்பலாம் என்பது தீர்ப்பு. ஆகவே அழகேசா, நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், விதைத்துவிட்டோம்.